வெண்புள்ளி நோய் திரும்பத் திரும்ப வருகிறது: தொட்டியை மீனின்றி விடுவதா, நோயோடு சமாளிப்பதா?

உப்பங்காற்று எழுதியது:

சென்னையில் ஏறத்தாழ 450 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். பவுடர் ப்ளூ டேங் மீன் ஒன்று, க்ளௌன் மீன் இணை ஒன்று, கிளீனர் இறால்கள், சில நத்தைகள் ஆகியவை அதில் இருக்கின்றன. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் இருப்பதால் அவற்றை வைக்கவில்லை, செயற்கைப் பாறைகள்தாம். டேங்கின் துடுப்புகளில் உப்புத் தூவியதைப் போன்ற புள்ளிகள் தோன்றியதும் எல்லா மீன்களையும் தனிமைத் தொட்டிக்கு மாற்றிக் காப்பர் (செம்பு) மருந்து கொடுத்தேன். புள்ளிகள் மறைந்தன. ஒரு மாதம் பெரிய தொட்டி மீனின்றி இருந்தது. திரும்ப விட்ட சில நாட்களிலேயே அதே புள்ளிகள் வந்துவிட்டன. ஒட்டுண்ணிக்கு மருந்து பழகிவிட்டது என்கிறார் கடைக்காரர். இரண்டரை மாதம் தொட்டியைக் காலியாக விடச் சொல்கிறார் ஒருவர். யூவி (புற ஊதா) விளக்கு மாட்டி நல்ல உணவு கொடுத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். இதில் எதைப் பின்பற்றுவது?

ஓங்கில் எழுதியது:

மருந்து பழகிவிட்டது என்ற விளக்கத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் மீன்கள் தனிமைத் தொட்டியில் குணமாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். நோய் காத்திருந்தது பெரிய தொட்டியின் மணலிலும் பாறையிலும்.

கிரிப்டோகாரியான் இரிடன்ஸ் என்ற இந்த ஒட்டுண்ணி மீனின் மேல் தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாட்கள் வரை தின்று கொழுக்கிறது. நாம் காணும் வெண்புள்ளி அதுதான். பிறகு மீனை விட்டு உதிர்ந்து, ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டி, அதற்குள் பலவாகப் பிரிகிறது. ஒரு கூட்டிலிருந்து 200 அளவுக்கு நீந்தும் குஞ்சுகள் வெளிவரக்கூடும். அவை ஓரிரு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் இறந்துவிடும். காப்பர் கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. பெரும்பாலான கூடுகள் 3 முதல் 28 நாட்களுக்குள் வெடிக்கின்றன என்றாலும், 72 நாட்கள் வரை தாமதித்து வெடித்த கூடுகளும் ஆய்வு நூல்களில் பதிவாகியுள்ளன. அந்த 72 நாட்களோடு பாதுகாப்புக்காக நான்கு நாட்களைக் கூட்டித்தான் 76 நாட்கள், அதாவது உங்களிடம் ஒருவர் சொன்ன இரண்டரை மாதம், என்கிறோம். ஒரு மாதம் காலியாக விட்டது, பிந்தி வெடிக்கும் கூடுகளுக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

பார்க்கடல் எழுதியது:

ஓங்கில் சொன்ன வாழ்க்கைச் சுழற்சியில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை; அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவில்தான் மாறுபடுகிறேன். எந்த வீட்டுத் தொட்டியையும் ஆய்வகத்தைப் போல நோய்க்கிருமியற்றதாக வைத்திருக்க முடியாது. இன்று 76 நாட்கள் காலியாக விட்டு, மீன்களையெல்லாம் காப்பரில் முக்கியெடுத்து முடித்த பிறகு, நாளை வாங்கும் ஒரு நத்தையின் ஓட்டிலோ கடையிலிருந்து வரும் பை நீரிலோ அந்த ஒட்டுண்ணி மறுபடி வந்துவிடும்.

நோயைத் தாங்கிப் பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புத்திறன் உண்டாகி மாதக்கணக்கில் நீடிப்பது ஆய்வுகளில் காட்டப்பட்ட உண்மை. ஒரே ஒட்டுண்ணிக் கால்வழி (ஒரே மரபுவகை) வெளிக்கலப்பு இல்லாமல் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்பட்டபோது, ஓராண்டை நெருங்கும் காலத்தில் வீரியம் குன்றிப்போனதும் பதிவாகியுள்ளது. ஆகவே புதிய மீன் எதையும் சேர்க்காமல், நீரின் தரம் குலையாமல், நோரி என்ற கடற்பாசியும் மைசிஸ் என்ற சிற்றிறாலும் தாராளமாகக் கொடுத்து, தக்க அளவு யூவி விளக்கை ஓடவிட்டால், மீன்கள் தாமாகவே மீண்டுவிடும். என் தொட்டியில் டேங்குகள் பல ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கின்றன. குறுகிய கண்ணாடிப் பெட்டியில், ஏறும் அமோனியாவிலும் காப்பரிலும் ஒரு பவுடர் ப்ளூ டேங்கை மாதக்கணக்கில் அடைத்துவைப்பது வைத்தியம் என்ற பெயரில் செய்யும் கொடுமை.

ஓங்கில் எழுதியது:

யூவி விளக்கு அதன் குழாய் வழியே செல்லும் நீரில் உள்ளவற்றை மட்டுமே கொல்லும் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். இந்த ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்வதும், கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில்தான் நடக்கின்றன. அந்த நேரத்தில் மீன் எங்கே இருக்கிறது? பாறை இடுக்கில் அசையாமல் உறங்குகிறது. அது உறங்கும் இடத்தைச் சுற்றியே கூடுகளும் ஒட்டியிருக்கின்றன. குஞ்சு ஒரு சாண் நீந்தினால் மீன் கிடைத்துவிடும். பம்பு வழியாக விளக்கைச் சென்றடைய அதற்கு அவசியமே இல்லை. யூவி எண்ணிக்கையைக் குறைக்கலாம், முற்றிலும் ஒழிக்காது. கிளீனர் இறாலும் தோலுக்கு அடியில் இருப்பதை எடுப்பதில்லை. பூண்டுச் சாறு பசியைத் தூண்டுவதாகச் சொல்லலாம், மருந்தென்று சொல்ல ஆதாரமில்லை.

எதிர்ப்புத்திறன் பெற்ற மீனின் செவுளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டுண்ணி தொடர்ந்து வாழலாம். ஒரு நாள் மின்வெட்டில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று வெப்பம் ஏறும்; அல்லது புதிய டேங் மீன் ஒன்று வந்து சண்டை மூளும். மறுநாள் காலையில் தொட்டி முழுக்கப் புள்ளிகள் இருக்கும். தாங்கள் சொல்லும் ஓராண்டுக் கணக்கும் புதுக் கால்வழி நுழையாத ஆய்வகத்துக்கே பொருந்தும். நம்மில் யார் ஓராண்டு புது மீன் வாங்காமல் இருந்திருக்கிறோம்?

செவுள் எழுதியது:

இரு தரப்பும் வெண்புள்ளி நோய் என்றே எடுத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். மீன்நோயியல் படித்தவன் என்ற முறையில் அங்கே சற்று நிறுத்த விரும்புகிறேன். பிடிவாதமான நோய் என்று என்னிடம் வருகின்றவற்றில் பல, பெயர் தவறாகச் சூட்டப்பட்டவை.

உப்புத் துகள் அளவில் எண்ணக்கூடிய புள்ளிகள், ஒரு நாள் தெரிந்து மறுநாள் குறைந்து மீண்டும் கூடுதலாக வருவது வெண்புள்ளி நோய்க்கு உரியது. மாவு தூவியது போல மிக நுண்ணிய பொடி, வேகமான மூச்சு, வெளிச்சத்தை விட்டு ஒதுங்குதல், பம்பின் நீரோட்டத்தை எதிர்த்து நிற்றல் ஆகியவை இருந்தால் அது வெல்வெட் நோய், அதாவது அமைலூடினியம் ஓசெலேட்டம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. செவுளை முதலில் தாக்கும் இந்நோயில், தோலில் பொடி தெரிவதற்குள் மீன் இறந்துவிடுவதும் உண்டு. அதன் ஒரு கூட்டிலிருந்து 256 வரை நீந்தும் விதைகள் வெளியாகும். சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும். பார்க்கடல் சொல்லும் காத்திருந்து பார்க்கும் முறையை வெல்வெட்டில் கையாண்டால் பார்ப்பதற்கு மீன் மிஞ்சாது.

க்ளௌன் மீனில் சளி தடித்து ஏடு ஏடாக உரிந்தால் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். அதற்குக் காப்பர் பயன்படாது. பார்மலின் குளியல் தேவை, அதுவும் காற்றோட்டம் மிகுதியாக வைத்து, கையுறை அணிந்து செய்யப்பட வேண்டியது. கண் மங்கி, மீன் உடம்பைப் பாறையில் தேய்த்தால் நியோபெனிடேனியா போன்ற தட்டைப் புழுவாக இருக்கலாம். வெப்பமும் காரத்தன்மையும் சமப்படுத்திய நன்னீரில் ஐந்து நிமிடம் விட்டால் அவை வெள்ளையாக மாறி உதிர்வது கண்ணுக்கே தெரியும். அவற்றுக்கு லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் பிராசிகுவாண்டல் என்ற புழுக்கொல்லி மருந்து கொடுக்கிறோம். அது முட்டைகளைக் கொல்லாது. எனவே ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிடுவதால்தான் புழுவும் ‘பிடிவாத நோய்’ என்று பெயரெடுக்கிறது.

உப்பங்காற்று அவர்களே, நீங்கள் பயன்படுத்திய காப்பர் எந்த வகை, அதை எதைக் கொண்டு அளந்தீர்கள்?

உப்பங்காற்று எழுதியது:

உப்புத் துகள் அளவில் எண்ணக்கூடிய புள்ளிகள்தாம், வந்து வந்து போகின்றன. மூச்சு சாதாரணமாகவே இருக்கிறது, உணவும் எடுக்கிறது. காப்பர் பவர் என்ற மருந்தைக் குப்பியில் எழுதியிருந்த அளவின்படி ஊற்றினேன். நிறம் பார்த்து ஒப்பிடும் சாதாரணச் சோதனைப் பெட்டி ஒன்றுதான் கைவசம் இருந்தது.

செவுள் எழுதியது:

அப்படியானால் வெண்புள்ளி நோய் என்று கொள்ளலாம். அளவைப் பற்றித்தான் எனக்கு ஐயம். தனி அயனிக் காப்பரை லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் வரை வைப்பது மரபு. நீங்கள் பயன்படுத்தியது வேறொரு சேர்மத்தோடு பிணைத்துத் தரும் பிணைப்புக் காப்பர். அது லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு வைத்தால், மீன் இறக்கும் அல்லது ஒட்டுண்ணி பிழைக்கும். நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதில் 1.5க்கும் 2.5க்கும் வேறுபாடு காண்பது கடினம். எண்ணைக் காட்டும் மின்னணு நிறமானியை வாங்கிக்கொள்ளுங்கள். தனிமைத் தொட்டியில் பாறையோ பவள மணலோ போட்டால் அது காப்பரை உறிஞ்சிவிடும். அமோனியாவைக் கட்டுப்படுத்தும் கரைசலையும் காப்பருடன் சேர்க்காதீர்கள். சில வகைக் காப்பர் அதனால் கடும் நஞ்சாக மாறுகிறது.

பார்க்கடல் எழுதியது:

நிறமானி, பிணைப்பு, அயனி என்று இவ்வளவு நுட்பம் தேவைப்படும் ஒரு நஞ்சைத்தான் எளிய தீர்வென்று புதியவர்களுக்குச் சொல்லிவருகிறோம். பயனுள்ள அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளியுள்ள மருந்து பசியைக் கெடுக்கும்; குட்டை ஏஞ்சல் மீன்களும் மாண்டரின் மீனும் அதைத் தாங்குவது அரிது.

ஒழித்தே தீர வேண்டும் என்றால் மருந்தே இல்லாத வழி இருக்கிறதே. ஒவ்வொரு 72 மணி நேரத்துக்குள்ளும் மீனைப் புதிய நீருள்ள, முற்றிலும் உலர்ந்த வேறொரு தொட்டிக்கு மாற்றுங்கள். நான்கு முறை மாற்றினால் முடிந்தது. உதிர்ந்த ஒட்டுண்ணி கூடு கட்டி, மூன்று நாளுக்குள் குஞ்சு விட இயலாது என்பதால், மீன் எப்போதும் ஒரு படி முன்னால் இருக்கும். அல்லது உப்பைக் குறைத்து, ஒப்படர்த்தி (நன்னீரை 1 எனக் கொண்ட அடர்த்தி) 1.009 ஆகும்வரை கொண்டுபோய், கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் நான்கு வாரம் அங்கேயே நிறுத்தலாம்.

ஓங்கில் எழுதியது:

தொட்டி மாற்றும் முறையை நானும் ஏற்கிறேன். எனினும் அதைச் செய்யும் காலத்திலும் பெரிய தொட்டி காலியாகத்தானே இருக்கப்போகிறது? மீனை எந்த வழியில் குணப்படுத்தினாலும் 76 நாட்கள் குறையப்போவதில்லை. இவ்வளவு நேரம் நாம் இருவரும் வாதிட்டது காப்பரைப் பற்றி அல்ல; அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான்.

செவுள் எழுதியது:

உப்பைக் குறைக்கும் முறைக்கு ஒரு எச்சரிக்கை. 1.009 என்றால் 1.009 தான்; 1.012இல் நிறுத்தினால் பயனில்லை. ஊசி ஆடும் பிளாஸ்டிக் மானியை நம்பாமல், ஒளிவிலகல் மானியைத் திருத்தி வைத்து அளக்க வேண்டும். நீரின் காரத்தன்மையும் கூடவே சரியும். அதையும் கவனிக்க வேண்டும். தைவானில் மிகக் குறைந்த உப்பிலும் வாழ்ந்த கால்வழிகள் பதிவாகியுள்ளன. எனவே இது எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. வெல்வெட்டுக்கோ இம்முறை சுத்தமாகப் பயன்படாது.

76 நாட்களைப் பொறுத்தவரை, 27 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக வைத்திருக்கும் தொட்டியில் கூடுகள் விரைவாக வெடிப்பதால் ஆறு வாரமே போதும் என்று வாதிடுவோர் உண்டு. கூடுகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்ததாக வந்த செய்தி, 12 டிகிரிக் குளிரிலும் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் செய்த சோதனையைச் சேர்ந்தது. சென்னைத் தொட்டிக்கு அந்தக் குளிர் பொருந்தாது. ஆழமான மணற்படுகையின் அடியில் ஆக்சிஜன் குறைவு என்பது மட்டும் பொருந்தும். மணல் மெல்லியதாக இருந்தால் ஆறு வாரத்தில் துணியலாம். ஆழமாக இருந்தால் நான் துணிய மாட்டேன்.

உப்பங்காற்று எழுதியது:

மணல் நான்கு அங்குலம் இருக்கிறது, ஆகவே முழுக் காலத்தையும் காத்திருக்கிறேன். மீன்களைத் தொட்டி மாற்றும் முறையில் குணப்படுத்தலாம் என்று எண்ணுகிறேன். இறாலையும் நத்தைகளையும் என்ன செய்வது? அவற்றுக்கு நோய் வராதல்லவா?

ஓங்கில் எழுதியது:

நோய் வராது, ஆனால் நத்தையின் ஓட்டில் கூடு ஒட்டியிருக்கலாம். அவை பெரிய தொட்டியிலேயே இருந்து மீனில்லாக் காலத்தைக் கழிக்கட்டும். இடையில் புதிதாக ஒரு நத்தையைச் சேர்த்தால் நாட்கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். இரு தொட்டிகளுக்கும் ஒரே வலை, ஒரே குழாய், ஈரக்கை கூடாது.

செவுள் எழுதியது:

இரண்டையும் ஒரே அறையில் அருகருகே வைக்காமல் இருப்பதும் நல்லது. வெல்வெட்டின் விதைகள் காற்றுக்குமிழ் தெறிக்கும் நுண்துளிகள் வழியே அடுத்த தொட்டிக்குச் செல்வது சோதனையில் காட்டப்பட்டிருக்கிறது.

பார்க்கடல் எழுதியது:

நாட்கணக்கை முதலிலிருந்து தொடங்கும் பொறுமை யாருக்கு வாய்க்கும் என்று இப்போதும் ஐயுறுகிறேன். உப்பங்காற்று அதைச் செய்து முடிப்பார் என்றால் அவருக்கு ஒரு வேண்டுகோள்: அந்த டேங்கைக் கடைசி மாற்றத்துக்குப் பிறகு பெரிய தொட்டி தயாராகும் வரை சிறு பெட்டியில் விடாதீர்கள். குறைந்தது நான்கடி நீளமுள்ள தொட்டியில், மறைந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போட்டு, நாள்தோறும் நோரி கொடுத்து, அமோனியாவை அளந்து நீர் மாற்றிவாருங்கள். ஒட்டுண்ணியை ஒழித்த பிறகு மீன் பட்டினியிலும் அமோனியாவிலும் இறந்தால் இந்த விவாதத்தில் யார் வென்றார்கள் என்பதற்குப் பொருளிருக்காது.