தாய் ஒதுக்கிய கன்னிக் குட்டி: பசும்பால் கொடுக்கலாமா?

கரிசல்காடு:
எங்கள் கன்னி இன வேட்டை நாய் நேற்று ராத்திரி ஆறு குட்டி போட்டது. தலையீற்று. ஐந்தை நக்கிப் பால் கொடுக்கிறது. கடைசிக் குட்டியை மட்டும் மூக்கால் தள்ளி, சாக்கு ஓரத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. குட்டி சில்லென்று இருக்கிறது, சத்தமும் குறைந்துவிட்டது. பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் விடலாம் என்கிறார் அப்பா. விடலாமா? டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம்.

பொன்வண்டு:
தம்பி, இப்போதைக்குப் பாலை மறந்துவிடுங்கள். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போகிற பால் செரிக்காமல் தங்கி, அதுவே ஆளைக் கொன்றுவிடும். சுண்டுவிரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நாக்கு சில்லென்று இருந்தால் சூடுதான் மருந்து. ஈரம் போகத் துடைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சூடு மெதுவாக ஏறட்டும், ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். முதல் வாரம் குட்டியின் உடம்புச் சூடு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதைத் தானாகக் காத்துக்கொள்ள இரண்டு வாரம் வரை அதனால் முடியாது.

குளிர்ந்துபோன குட்டியைத் தாய் தள்ளிவிடுவது சகஜம். பாசம் இல்லை என்று அதன்மேல் கோபப்படாதீர்கள். சூடேறி, கத்த ஆரம்பித்ததும் மறுபடி மடியில் விட்டுப் பாருங்கள். நிறைய தாய்கள் சேர்த்துக்கொள்ளும்.

வேப்பேரி மாணவன்:
அக்கா சொன்னது சரி. கூடவே இரண்டைப் பாருங்கள். குட்டியின் வாயைத் திறந்து மேல் அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பால் மூக்கு வழியாக வரும். அப்புறம் தாயின் மடி. ஏதாவது ஒரு காம்பு கல்லாக இறுகிச் சிவந்து, தொட்டால் உறுமினால் மடிநோயாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் சீம்பால் போய்ச் சேர்ந்தால்தான் நோய் எதிர்ப்புச் சக்தி கிடைக்கும். குட்டி சூடேறியும் தாய் விடவில்லை என்றால், தாயிடமே கொஞ்சம் பீய்ச்சி ஊட்டுங்கள்.

கரிசல்காடு:
அக்கா, சூடேறிவிட்டது! வீடே அதிர்கிற மாதிரி கத்துகிறான். அண்ணத்தில் பிளவு இல்லை, மடியும் மெத்தென்றுதான் இருக்கிறது. தாய் இப்போது நக்குகிறது. ஆனால் மற்ற ஐந்தும் இவனை மிதித்துத் தள்ளிவிடுகின்றன.

பொன்வண்டு:
நல்ல செய்தி! பின்னங்கால் பக்கத்துக் காம்பில்தான் பால் அதிகம். மற்றதுகளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, இவனை முதலில் அங்கே விடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். நாளுக்கு நாள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மேல்பால் தேவை. அதற்கு நாய்க்குட்டிப் பால்பவுடர் வாங்குங்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதில் தண்ணீர் வேறு கலந்தால் வயிறு நிரம்பும், உடம்பில் ஒட்டாது. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி போதும், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். குப்புறப் படுக்கவைத்து, தலையை லேசாகத் தூக்கி, சொட்டுச் சொட்டாக விடுங்கள். தாய் நக்கிவிடாத நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிடுங்கள். மூன்று வாரம் வரை, தடவினால்தான் சிறுநீர் வரும்.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் தாயையும் குட்டியையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.