1988 கேபின் குரூசர்: வாங்கலாமா? கட்டுமானத்தை எப்பிடிப் பாக்கிறது?

குக்ஸ்பே_கனவு:

அண்ணைமார், அக்காமார், ஒரு யோசனை வேணும்.

இங்க கனடாவில, சிம்கோ ஏரிப் பக்கம், கெஸ்விக்கில ஒரு போட் விலைக்கு வந்திருக்கு. 1988 கேபின் குரூசர், 26 அடி, ஃபைபர்கிளாஸ். மேர்க்ரூசர் 5.7 லிட்டர் எஞ்சின், ஸ்டேர்ன் டிரைவ் (எஞ்சின் உள்ளுக்கை, புரொப்பெல்லர் பூட்டின டிரைவ் பின்பக்கம் வெளியில). கேக்கிறது 14,500 டொலர். கட்டின கொம்பனியின்ர பேரைச் சொல்லேல்லை. சொன்னா பாதிப் பேர் தங்கம் எண்டுவியள், மற்றப் பாதி தகரம் எண்டுவியள், என்ர கேள்வி அதுக்கை தாண்டுபோயிடும்.

உள்ளுக்கை வடிவாத்தான் கிடக்கு. மெத்தை எல்லாம் புதுசு, சின்னக் குசினி, நாலு பேர் படுக்கலாம். வீட்டுக்காரி "மிதக்கிற கொட்டில்" எண்டு பகிடி பண்ணிக்கொண்டே திரைச்சீலைக்கு அளவெடுத்துப்போட்டா. பிக் சூட் எண்ட கால்வாய் இடத்தில போட்டைத் தண்டவாளத்தில ஏத்தி மேட்டைத் தாண்டி இறக்கிறதைப் பிள்ளையளுக்குக் காட்டவேணும் எண்டு எனக்கு கனநாள் ஆசை.

கார் எண்டா எனக்குப் பாக்கத் தெரியும். போட் தெரியாது. ஒழுங்காக் கட்டினதோ, ஏனோதானோ எண்டு கட்டினதோ, எங்களை மாதிரி ஆக்கள் எதை வைச்சுச் சொல்லிறது?

கணக்குப்பிள்ளை:

தம்பி, 14,500 வெறும் முற்பணம். போன வருசம் என்ர 24 அடிக்கு டொக் வாடகை, குளிருக்கு ஏத்தி வைச்சது, பிளாஸ்டிக் சுத்தினது, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 5,000 தாண்டிட்டுது. ஒரு ஆணி கூட மாத்தேல்லை. பெற்றோலைக் கேக்காதேங்கோ. இவ்வளவு பழைய போட்டுக்கு இன்சூரன்ஸ்காரர் பெரும்பாலும் சேர்வே ரிப்போட் (தெரிஞ்ச ஆள் போட்டைச் சோதிச்சு எழுதிக் குடுக்கிறது) கேப்பினம், அதையும் கணக்கில போடுங்கோ.

பழைய_சீநோர்:

தம்பி, நான் 80களின்ர தொடக்கத்தில யாழ்ப்பாணத்தில காரைநகர் சீநோர் போட் கட்டிற தொழிற்சாலையில ஃபைபர் போட் கட்டினனான். மீன்பிடிப் போட்டுகள்தான், உங்கட மாதிரி மெத்தை போட்டதில்லை. ஆனா ஃபைபர் எல்லா இடத்திலயும் ஃபைபர்தான்.

முதல்ல அந்தப் புது மெத்தையை மறவுங்கோ. விக்கிறவர் உங்களுக்குக் காட்டிறது மெத்தை. நீங்கள் பாக்கவேண்டியது மூடிக் கிடக்கிற இடம்.

நங்கூரம் வைக்கிற பெட்டியைத் திறந்து டோர்ச் அடியுங்கோ. அதுக்குள்ள அனேகமாப் பூச்சு இராது, ஃபைபரை வெறும் மேனியாப் பாக்கலாம். பாய் பின்னினமாதிரிக் கட்டம் கட்டமாத் தெரிஞ்சா நெய்த துணி வைச்சுக் கட்டியிருக்கிறாங்கள். வெறும் தும்பு தும்பாக் கிடந்தா துவக்கு மாதிரி ஒரு மெஷினால வெட்டுத் தும்பை ரெசினோட (இறுகிற பசை) விசிறினது. விசிறினது எல்லாம் கூடாதெண்டில்லை, ஆனா அதில ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெல்லிசு எண்டு வர இடமிருக்கு. நார் ரெசின் குடிக்காம வெள்ளையா நிண்டாலோ, காத்துக் குமிழ் கிடந்தாலோ, ரெசினை உருட்டி அமத்திற ரோலர் பிடிச்சவன் அண்டைக்கு அவசரத்தில நிண்டிருக்கிறான். நாங்கள் குமிழ் விட்டா எங்கட மேஸ்திரி திரும்ப உரிச்சு ஒட்டச் சொல்லுவார், அந்த ஏச்சு இண்டைக்கும் காதில கிடக்கு.

அதே பெட்டிக்குள்ள மேல பாருங்கோ. போட்டின்ர உடம்பும் மேல்தட்டும் சேர்ற விளிம்பு தெரியும். போல்ட்டும் நட்டும் போட்டு உள்ளால ஃபைபரும் ஒட்டியிருந்தா நல்ல கட்டு. அங்கொண்டு இங்கொண்டாப் புரியாணி நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தா, விலையைப் பாத்துக் கட்டினது.

அடுத்தது அந்த மேல்தட்டு. அந்தக் காலத்துத் தட்டு அனேகமா, ரெண்டு ஃபைபருக்கு நடுவில பால்சா மரம் வைச்ச சாண்ட்விச் மாதிரி. காய்ஞ்சிருக்குமட்டும் பாரமில்லாத, உறுதியான சாமான். ஆனா ஒரு புரியாணி ஓட்டையைச் சரியா அடைக்காம விட்டாப் போதும், தண்ணி போய் உள்ளுக்கை கூழாக்கிப்போடும். மேல ஒண்டும் தெரியாது. பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடிச்சு ஒவ்வொரு அஞ்சு அங்குலத்துக்கும் தட்டுங்கோ. "டக், டக்" எண்டு கணீரெண்டு வரவேணும். "தொப்" எண்டா அங்க ஈரம், இல்லாட்டி ஃபைபர் மரத்தை விட்டுக் கழண்டிருக்கு. கயிறு கட்டிற கட்டை, கைபிடிக் கம்பியின்ர கால், நங்கூரம் இழுக்கிற வின்ச், யன்னல் விளிம்பு, இதுகளைச் சுத்தித்தான் முதல் வரும். நல்ல கொம்பனியள் இப்பிடி ஓட்டை போடுற இடத்தில பால்சா வைக்காம கெட்டியா நிரப்பி, கீழால தகடும் குடுத்திருப்பாங்கள்.

பிறகு எஞ்சின் மூடியைத் தூக்குங்கோ. எஞ்சின் உக்காந்திருக்கிற ரெண்டு நீட்டு விட்டமும் அனேகமா மரம், இல்லாட்டி பிளைவூட், மேல ஃபைபர் சுத்தினது. எஞ்சின் காலைப் பிடிக்கிற பெரிய ஆணியளுக்கு ஸ்பானர் போட்டு இறுக்கிப் பாருங்கோ, விக்கிறவரைக் கேட்டுப்போட்டு. இறுகி நிண்டா சந்தோசம். சும்மா சுத்திக்கொண்டே போனா உள்ளுக்கை மரம் இல்லை, உக்கல்தான். அப்பிடியெண்டா போட்டை விட்டிட்டு வாங்கோ, எஞ்சினைக் கழட்டாம அந்த வேலை செய்யேலாது. டிரைவ் பூட்டியிருக்கிற பின்பலகையும் அப்பிடித்தான்: டிரைவைக் கையால பிடிச்சு மேல கீழ ஆட்டேக்கை பலகையும் சேர்ந்து அசையுதோ எண்டு இன்னொராளைப் பாக்கச் சொல்லுங்கோ.

மேல் பூச்சில மயிர் வெடிப்புக் கண்டு பயப்பிடாதேங்கோ. மூலையளில வாற சிலந்திவலை பெரும்பாலும் பூச்சு தடிப்பா விழுந்ததால. ஒரு கட்டையிலயிருந்து கதிர் மாதிரி விரிஞ்சு போனா அந்த இடம் வளையுது எண்டு அர்த்தம்.

எஞ்சின் பிளொக்கின்ர பக்கத்திலயும் ஒருக்கா விரலை ஓட்டுங்கோ. இந்த நாட்டில ஒரு குளிருக்குத் தண்ணி வடிக்காம விட்டாலே இரும்பு வெடிச்சிடும், பிறகு ஆரும் பெயின்ற் அடிச்சு மறைச்சிருப்பினம். ஏரித் தண்ணியிலயே ஓடினது உங்களுக்கு லாபம், உப்பு தின்னேல்லை.

இன்னொண்டு. போட்டின்ர பின்பக்கம் வலது மூலையில 12 எழுத்தில ஒரு நம்பர் இருக்கும். கடைசி ரெண்டு இலக்கம் மொடல் வருசம். 88 தானோ எண்டு பாருங்கோ. போறது மழை பெய்ஞ்ச அடுத்த நாளாப் போங்கோ.

மோனா_அக்கா:

நாங்கள் வாங்கேக்கை இதொண்டும் தெரியாது. முகர்ந்து பாத்தது மட்டும்தான். கேபினைப் பூட்டி வைச்சுத் திறந்த உடனை மண் மணம் வந்தா எங்கயோ தண்ணி நிக்குது. வாசனைத் திரி கொளுத்தி வைச்சிருந்தா இன்னும் கவனம்.

குக்ஸ்பே_கனவு:

சனிக்கிழமை போனனான், வெள்ளி நல்ல மழை. சீநோர் அண்ணை சொன்னபடி தட்டிக்கொண்டு போக விக்கிற மனுசன் முதல்ல சிரிச்சார். வின்ச்சடிக்கு வர "தொப்" எண்டிச்சு. அவர் சிரிப்பும் நிண்டிட்டுது. நங்கூரப் பெட்டிக்குள்ள பாய்ப்பின்னல்தான், விளிம்பில போல்ட்டும் கிடக்கு. எஞ்சின் ஆணி எட்டும் மலை மாதிரி. வாசனைத் திரி இல்லை அக்கா, யன்னலடியில கொஞ்சம் கறை மட்டும்.

பிறகு 700 டொலர் குடுத்துச் சேர்வேயரைக் கூப்பிட்டன். ஈரமானி வைச்சுப் பாத்து, வின்ச்சைச் சுத்தி ரெண்டடிக்கு மூண்டடி நனைஞ்சு போச்சு, மிச்சம் காய்ஞ்சு கிடக்கு எண்டு எழுதிக் குடுத்தவர். அந்தப் பேப்பரைக் காட்ட விலை 9,800க்கு வந்து நிக்குது. சின்ன ஓட்டை போட்டு எபொக்சிப் பசை ஊத்தினாச் சரிவரும் எண்டு விக்கிறவர் சொல்லிறார். சரிவருமோ?

பழைய_சீநோர்:

ஈர மரத்துக்குள்ள எபொக்சி ஊத்தினா ஈரத்தைப் பூட்டி வைக்கிறதுதான். மேல் ஃபைபரை வெட்டித் தூக்கி, கூழை வழிச்சு, காயவிட்டு, புது மரம் வைச்சு ஒட்டவேணும். கீழாலயும் செய்யலாம், ஆனா ரெசின் முழுக்க முகத்தில சொட்டும். வின்ச்சடியில இந்த முறை பால்சா வைக்காதேங்கோ.

9,800க்கு வாங்குங்கோ. குளிருக்கை தொடாதேங்கோ, ரெசின் இறுகாது. மே கடைசியில ஒரு சனி ஞாயிறு சொல்லுங்கோ, வாறன். கிறைண்டர் உங்கட, ரோலர் என்ர. வீட்டுக்காரியிட்டைச் சொல்லுங்கோ, திரைச்சீலையை ஒட்டி முடிஞ்ச பிறகு கொழுவட்டும், தூசு பிடிச்சா ஏச்சு எனக்குத்தான்.