பத்துப் பேர் சேர்ந்து கிளட்ச் வாங்கிய கதை: சேலம் நண்பர்களின் அனுபவம்

கண்ணங்குறிச்சி, ஸ்விஃப்ட் 1.3 டீசல்

போன வாரம் ஒரு தம்பி, "அண்ணா, நீங்க சேர்ந்து கிளட்ச் எடுத்தீங்களே, எப்படி? நாங்களும் எட்டுப் பேர் இருக்கோம்" என்று கேட்டார். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் வண்டி கம்பெனியில் இருந்து வரும்போது 190 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை). ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்த பிறகு 240 பக்கம் போகிறது. கம்பெனி கிளட்ச் ஒரு வருடம் தாங்கியது. ஒரு ஞாயிறு ஏற்காடு ஏறும்போது, ஏழாவது கொண்டை ஊசி தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தேன், ஆர்பிஎம் முள் 2,000-லிருந்து சட்டென்று 3,000-க்குப் போனது, வண்டி மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, கூடவே கருகிய வாசம். கிளட்ச் பிடிக்காமல் ஸ்லிப் ஆகிறது என்று புரிந்ததும் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு அப்படியே கீழே இறங்கிவிட்டேன். அடிவாரத்தில் டீ குடிக்கும்போது விசாரித்தால், ரீமேப் செய்த இன்னும் நாலு பேருக்கும் இதே கதை.

வெளிநாட்டுத் தயாரிப்பாளர் ஒருவர் பத்து செட் எடுத்தால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாகச் சொன்னார். ஆனால் பத்துப் பேரும் ஒரே நாளில், ஒரே ஆர்டரில் பணம் கட்ட வேண்டும். எங்களில் ஒருவர் இளம்பிள்ளையில் சேலை ஏற்றுமதி செய்பவர், ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அரசுப் பதிவு எண்) வைத்திருந்தார். அவர் பெயரில் இறக்குமதி செய்து, எங்கள் ஒவ்வொருவருக்கும் தனி பில் போட்டுக் கொடுத்தார். சுங்க வரிக்கு மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் போடும் ஜிஎஸ்டி) வேறு உண்டு. 2025 செப்டம்பர் 22-லிருந்து உதிரி பாகங்களுக்கு அது 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. எங்கள் சரக்கு அதற்குப் பிறகு வந்ததால் ஆளுக்குக் கொஞ்சம் மிச்சம்.

பணத்தை விட எனக்குப் பெரிய கவலை அளவுதான். ஒரே 1.3 மல்டிஜெட் இன்ஜின் மாருதியிலும் இருக்கிறது, ஃபியட்டிலும் இருக்கிறது, டாடாவிலும் இருக்கிறது. இன்ஜின் ஒன்றுதானே என்று ஒரே பார்ட் நம்பரைப் போட்டால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் பல் கியர் பாக்ஸ் ஷாஃப்டில்தான் உட்கார வேண்டும், கியர் பாக்ஸோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன். பழைய பிளேட்டின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், பல் எத்தனை, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட் எத்தனை, இந்த மூன்றுக்கும் போட்டோ இல்லாமல் யார் பெயரையும் பட்டியலில் ஏற்ற மாட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள், கடைசி வாரத்தில் எண்ணிக்கை எட்டுக்கு இறங்கியது. நாமக்கல்லிலிருந்து அண்ணன் தம்பி இருவர் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பாதிப் பணம் முன்பணம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வங்கிக் கணக்கைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அனுப்பினேன். அடுத்தவர் காசு நம் கையில் இருக்கும்போது அவர்கள் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

பிளேட்டில் உராயும் பகுதி எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் சண்டை. பாதிப் பேருக்கு செராமிக் வேண்டும். நான் கடைசி வரை வேண்டாம் என்றேன். ரேஸ் டிராக்கில் அது அருமை, கப்பென்று பிடிக்கும். ஆனால் நாம் ஓட்டுவது 20 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப் பாதையில், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஹாஃப் கிளட்ச் இல்லாமல் ஒரு வளைவு கூடத் திரும்ப முடியாது, செராமிக்கில் அது சரியாக வராது. கெவ்லார் அதிக நாள் உழைக்கும், ஆனால் ஒரு தடவை அளவுக்கு மீறிச் சூடாகிப் பளபளப்பு ஏறிவிட்டால் பழைய பிடி திரும்புவது கஷ்டம். ஆர்கானிக் (சாதாரண வண்டிகளில் வரும் வகை) பிளேட், அதோடு அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் என்று முடிவானது. பெடல் கொஞ்சம் கனம், மற்றபடி வீட்டில் அம்மாவும் ஓட்டலாம்.

மாட்டிய பிறகு புது பிளேட் பதிவதற்காக 800 கிலோமீட்டர் டவுனுக்குள் மட்டும்தான் ஓட்ட வேண்டும், முழுதாக மிதிக்கக் கூடாது. ஐந்து ரோடும் அஸ்தம்பட்டியும் சுற்றிச் சுற்றியே ஒன்றரை மாதம் போனது. வீட்டு மாடியில் நின்றால் மலை தெரியும், ஏறாமல் இருந்தது பெரிய சோதனை.

அம்மாப்பேட்டை, ஆக்டேவியா 2.0 டீசல்

நான் அந்தப் பத்தில் ஒருவன். அண்ணன் விட்ட ஒன்றைச் சொல்கிறேன், பிளைவீல், அதாவது கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் இன்ஜின் பக்கத்துச் சக்கரம். கிளட்ச் மாற்றும்போது ஒற்றை பிளைவீல் உள்ளவர்கள் லேத்தில் கொடுத்து மேற்பரப்பைச் சீவி ஃபேசிங் போட்டுவிடலாம், சேலத்தில் லாரி வேலை பார்க்கும் பட்டறைகளில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியில் இருப்பது டூயல் மாஸ், உள்ளே ஸ்பிரிங் வைத்த இரண்டு துண்டு, அதை அப்படி லேத்தில் ஏற்ற முடியாது. கியர் பாக்ஸ் இறக்கிய பிறகுதான் ஆட்டம் அதிகமாக இருப்பது தெரிந்தது, புதிது வாங்க கிளட்சை விட அதிகம் செலவானது. ஆர்டர் போடும் முன்பே உங்கள் வண்டியில் எந்த வகை என்று கேட்டுவையுங்கள், அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

ஐந்து ரோடு, லீனியா டி-ஜெட்

கோபித்துக்கொண்டு விலகிய இருவரில் நான் ஒருவன். தனியாக செராமிக் வாங்கி மாட்டினேன். மே மாதம், கோடை விழா நேரம், குடும்பத்தோடு ஏறினேன். ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி, ஆனால் அந்த இடத்தில் நான் நின்றால்தான் பஸ் திரும்ப முடியும். நின்றேன். மறுபடி எடுக்கும்போது வண்டி குதித்து ஆஃப் ஆனது, பின்னால் உருண்டது, மறுபடியும் ஆஃப். பின்சீட்டில் என் மகள் அழுதுவிட்டாள். அன்றைக்கே முடிவு செய்தேன், இதைக் கழற்றிவிடுவது என்று. அண்ணா, அந்த போட்டோ விஷயத்தில் உங்களோடு சண்டை போட்டது என் தவறு.

கண்ணங்குறிச்சி, ஸ்விஃப்ட் 1.3 டீசல்

தம்பி, அதெல்லாம் மனதில் இல்லை. பாப்பா நலமாக இருந்தால் போதும். அடுத்த சுற்றில் உங்கள் பெயர்தான் முதலில்.

ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பாகம்) தவறாக வந்ததா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆமாம், இரண்டு பெட்டியில் தவறான பேரிங் வந்தது. அளவெடுத்த போட்டோவும் ஆர்டர் தாளும் கையில் இருந்ததால் விற்றவர் மறுபேச்சில்லாமல் சரியானதை அனுப்பினார், கூரியர் செலவும் அவருடையதே. பெட்டி வந்த அன்றே பிரித்துப் பாருங்கள், கியர் பாக்ஸ் இறக்கிய பிறகு பிரித்தால் வண்டி பட்டறையிலேயே கிடக்கும். எட்டுப் பேர் இருப்பதாகச் சொன்ன தம்பி, முதலில் எல்லோருடைய பல் எண்ணிக்கையும் போட்டோவோடு எனக்கு அனுப்புங்கள், இந்த ஞாயிறு அடிவாரத்தில் உட்கார்ந்து பட்டியல் போடலாம்.