பந்தம் பிடிச்ச பேரன் சொன்ன ஒரு சொல்லு

கோண்டாவிலான்:
ஆவணிச் சதுர்த்திக்கு அடுத்த நாள் விடியப்புறம் காலமான எங்கட பகிடிக்காரரை இஞ்ச கன பேருக்குத் தெரியும், பேர் வேண்டாம். சந்தையில நிண்டு, "தம்பி, நான் மீனுக்குத்தான் விலை கேட்டனான், வள்ளத்துக்கில்லை" எண்ட மனிசன்.

செத்தவீட்டில சுண்ணம் இடிக்கிற சடங்கு முடிஞ்சு, பேரப்பிள்ளையள் நெய்ப் பந்தத்தோட சுத்தி நிக்கினம். கடைசிப் பேரனுக்கு ஆறு வயசு. மற்றதுகள் அழ, இவன் மட்டும் கண்வெட்டாமல் முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவன். பிறகு பக்கத்தில நிண்ட தமக்கைக்குச் சொன்னான்: "பொறு, அப்பப்பா இப்ப தும்முவார்."

அந்த வீட்டுக்குப் போய் வந்தவைக்கு விளங்கும். பின்னேரத்தில விறாந்தையில செத்தவர் மாதிரிக் கிடப்பார். பிள்ளையள் மூக்குக்குக் கிட்ட வர, ஒரு தும்மல்.

31ஆம் நாளில குடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டின்ர வேலை இப்ப நடக்குது. வாழ்க்கை வரலாற்றில "இன்முகத்தோடு பழகும் பண்பாளர், நகைச்சுவை உணர்வு மிக்கவர்" எண்டு எழுதியிருக்கு. உது எந்தக் கல்வெட்டில இல்லை? தும்மலைப் போடுவம் எண்டால், வீட்டுப் பெரியவர் "செத்தவீட்டிலயும் பகிடியோ" எண்டு நிக்கிறார். 31க்கு இன்னும் மூண்டு கிழமைக்கு மேல கிடக்கு. போடலாமோ, விடுறதோ?

வடமராட்சிப் பெடியன்:
முதல்ல, ஆறு வயசுப் பிள்ளையின்ர கையில பந்தத்தைத் தனியக் குடுத்தது ஆர்? பருத்தித்துறைப் பக்கம் ஒரு வீட்டில மேல கட்டின வெள்ளைத்துணி பத்தினது. அதுக்குள்ளயும் ஒரு கிழவர், "அவருக்கு அவசரம், இஞ்சையே தொடங்கீட்டார்" எண்டவர். செத்தவர் கேட்டிருந்தால் அவர்தான் முதல் சிரிச்சிருப்பார்.

இனிச் செய்யிறவை கவனியுங்கோ. தடி ஒரு முழத்துக்குக் குறையக்கூடாது. பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழிச்சு இறுக்கிச் சுத்துங்கோ. தளர்வாச் சுத்தினால் எரியேக்க துணி கழண்டு தொங்கும். பருத்தித்துணி மட்டும்தான், நைலோன் கலந்தது உருகிச் சொட்டும். நெய்யில தோய்ச்ச உடன கொளுத்தக்கூடாது, பிழிஞ்சு எடுக்கவேணும். பிழியாவிட்டால் நெய் சூட்டில இளகித் தடியால வழிஞ்சு கைக்கு வரும், பிள்ளை தடியைக் கீழ போடும். கனபேர் விடுகிற பிழை உதுதான். கொளுத்த முன்னம் மின்விசிறியை நிப்பாட்டுங்கோ. பொம்பிளைப் பிள்ளையளின்ர தலைமயிரை முடிஞ்சு விடுங்கோ. பத்து வயசுக்குக் கீழ எண்டால் பெரியாள் தடியைப் பிடிக்க, பிள்ளை அந்தக் கையைத் தொட்டால் போதும். முடிய ஒரு வாளி ஈர மணலுக்குள்ள குத்தி வையுங்கோ. முற்றத்தில எறிஞ்சால் சாம்பல் பூத்த மாதிரிக் கிடந்து திரும்பப் பத்தும்.

பஞ்சாங்கப் பித்து:
வடமராட்சி, அவர் கேட்டது கல்வெட்டைப் பற்றி, நீர் பந்தம் சுத்திப் படிப்பிக்கிறீர்.

கோண்டாவிலான், தும்மல் இருக்கட்டும், திதி சரியோ? ரொறன்ரோவில ஒரு நண்பர், இதே மாதிரிப் பகிடிக்காரர். கடைசிக் கிழமை கட்டிலில கிடந்துகொண்டு மனிசியைக் கேட்டவர்: "இஞ்சரும், நான் கனடா நேரத்துக்குப் போறதோ, ஊர் நேரத்துக்குப் போறதோ?" சுத்தி நிண்ட எல்லாருக்கும் சிரிப்பு. புதன்கிழமை இரவு 8 மணிக்குப் போனார். வீட்டுக்காரர் ஊர்ப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புதன் இரவு என்ன திதி எண்டு பாத்து அதையே அச்சடிச்சினம். அது கோடைகாலம், ரொறன்ரோ எங்களுக்கு 9½ மணித்தியாலம் பின்னால (மாரியில 10½). அவர் போகேக்க இஞ்ச வியாழன் விடிய 5.30. அதுக்கிடையில திதி மாறிப்போச்சுது. பிழையான திதியிலயே ரெண்டு திவசம் குடுத்த பிறகுதான் ஆரோ கண்டுபிடிச்சது.

திதி சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில இருக்கிற தூரக் கணக்கு. உலகம் முழுக்க ஒரே கணத்தில மாறும், மணிக்கூடுதான் வேற. ஆனபடியால் மூச்சு நிண்ட நேரத்தை ஊர் நேரத்துக்கு மாத்திப்போட்டுத்தான் பஞ்சாங்கத்தைத் திறக்கவேணும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணித்தியாலம் வித்தியாசம் வரும். வீட்டுக்கு வாற ஐயர் எதைப் பாக்கிறாரோ அதையே கடைசிவரைக்கும் பிடியுங்கோ. கல்வெட்டில ஒண்டு, திவசத்தில மற்றது எண்டு கலந்தால் ஒவ்வொரு வருசமும் சண்டைதான்.

உங்கட ஆளுக்கு விடியப்புறம் எண்டபடியால் பூர்வபக்கப் பஞ்சமி. ஒரு வெண்பா கட்டிப் பாத்தது:

ஆண்டு விசுவா வசுவினில் ஆவணியில்
பூண்ட வளர்பிறைப் பஞ்சமியில் – ஈண்டுநம்
வீட்டைச் சிரிப்பால் நிறைத்தவர் வீடடைந்தார்
கேட்டோர்க் கழுகைதான் காண்.

ரெண்டு வீடும் வேற வேற வீடு, ரெண்டாவது மோட்சம். பெரியவர் அதைப் பகிடி எண்டு பிடிக்கமாட்டார். ஆனால் ஒரு சொல்லும் மாத்த விடாதையுங்கோ. "ஆவணியில்" எண்டதை "ஆவணி மாதத்தில்" எண்டு ஆரும் திருத்தினால் அடியில அஞ்சு சீர் வந்து, வெண்பா இல்லாமல் போயிடும்.

கூழ்ப்பானை:
கல்வெட்டை ஆர் வாசிக்கினம்? படத்தைப் பாத்திட்டுப் பத்திரமா மேல வைக்கிறதுதான். ஒரு மனிசனை நினைக்கிறதெண்டால் எட்டுச் செலவுக்கு (எட்டாம் நாள் படையலுக்கு) அவருக்குப் பிடிச்சதை ஒழுங்காச் சமையுங்கோ.

எங்கட கூட்டத்தில கூழ் காய்ச்சுறவர் ஒருத்தர் இருந்தவர். அகப்பையை விடமாட்டார். "கட்டிப்பட்டால் சமாதானம் பேசலாம், அடிப்பிடிச்சால் பேசேலாது" எண்டு கிண்டிக்கொண்டே சொல்லுவார். போன பிறகு அவர் நினைவா காய்ச்சின முதல் கூழ் கட்டியும் பட்டது, அடியும் பிடிச்சது. ஆரும் அளவு எழுதி வைக்கேல்லை.

பத்துப் பேருக்குக் கால் கிலோ ஒடியல் மா (காயவைச்ச பனங்கிழங்கு மா). அரை மணித்தியாலமாவது தண்ணியில ஊறவிட்டு, மேல தெளிஞ்ச தண்ணியை ஊத்துங்கோ. அந்தத் தண்ணியோடதான் கயர்ப்புப் போகும், ஊறவிடாவிட்டால் எவ்வளவு புளி விட்டும் பிரியோசனமில்லை. பானையில முதல் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயித்தங்காய். இவை அவிஞ்ச பிறகு மீன்தலை, நண்டு, றால். மீனை முந்திப் போட்டால் கரைஞ்சு முள்ளு மட்டும் வாயில வரும். பிறகு செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும் அரைச்ச கூட்டு, கரைச்ச பழப்புளி. ஊறின மாவை வேற சட்டியில மோர் பதத்துக்குக் கரைச்சு, அடுப்பைத் தணிச்சு, ஒராள் ஊத்த ஒராள் கிண்டவேணும். எங்கட ஆக்கள் மாவை அப்பிடியே கொதிக்கிறதுக்குள்ள கொட்டினது, வெளியால அவிஞ்சு உள்ளுக்க பச்சை உருண்டை. இறக்கேக்க முருங்கையிலை. பிளாவில (பனையோலைக் கோப்பையில) வார்த்துப் படையுங்கோ, எவர்சில்வர் கோப்பையில படைச்சால் அவர் திரும்பியும் பாத்திருக்கமாட்டார்.

அச்சுக்கூடத்தான்:
கூழ்ப்பானை சொல்லுற மாதிரி ஒருத்தரும் வாசிக்கிறேல்லை எண்டில்லை. நூலகம் இணையத்தளத்தில பழைய நினைவு மலர் எத்தினை ஏத்திக் கிடக்கு, போய்ப் பாருங்கோ. ஊர்ச் சரித்திரம் தேடுறவை முதல் திறக்கிறது அதைத்தான். படத்துக்குக் கீழ இடமும் வருசமும் இல்லாட்டில் ஒண்டுக்கும் உதவாது.

இனி வேலைக்கு வருவம். நடுவில கம்பி குத்துற புத்தகம் நாலு நாலு பக்கமாத்தான் கூடும். பஞ்சபுராணம் ரெண்டு பக்கம். சிவபுராணம் 95 அடி, ஏ5 அளவில மூண்டு. திதி வெண்பாவும் படமும் ஒண்டு. வரலாறு, புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் சேர்த்தால் பெரும்பாலும் நாலால பிரியாது. மிஞ்சுற பக்கத்தில அச்சகம் ஒரு சாமிப் படத்தைப் போட்டு நிரப்பும். உங்கட தும்மலுக்கு இடம் அதுதான். வரலாறு பெரியாக்களின்ர, அதில கை வைக்காதையுங்கோ. மிச்சப் பக்கத்தில "பேரப்பிள்ளையள் சொன்னது" எண்டு தலைப்பு, விறாந்தைப் படம் ஒண்டு, கீழ பெடியன் சொன்னது சொன்னபடி. விளக்கம் வேண்டாம்.

படத்தை வட்ஸ்அப்பில சும்மா அனுப்பினால் அது சுருக்கிப்போடும், அச்சில முகம் பாசி பிடிச்ச மாதிரி வரும். ஆவணமா அனுப்புங்கோ. எழுத்தை யூனிகோட்டில தந்தால் கனக்க அச்சகங்கள் பாமினி எண்ட பழைய எழுத்துருவுக்கு மாத்தித்தான் பக்கம் கட்டும். மாத்தேக்க ஸ்ரீ, ஹ, ஷ போல கிரந்த எழுத்துகளும் கொம்பும் குழம்பும், அந்த இடங்களை விரல் வைச்சுப் பாருங்கோ. வம்சாவளியை ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிய அனுப்பி "சரி" எண்டு எழுத்தில வாங்குங்கோ. ஒரு மருமோன்ர பேர் விடுபட்டால் பத்து வருசத்துக்குக் கதை. இருபதாம் நாளுக்கு முன்னம் எல்லாம் அச்சகத்துக்குப் போயிருக்கவேணும். பிழை திருத்த ரெண்டு தரம் வரும்.

வடமராட்சிப் பெடியன்:
பஞ்சாங்கம், ரொறன்ரோவை ஆர் கேட்டது?

கோண்டாவிலான்:
எண்ணிப் பாத்தாச்சு. 30 பக்கம் வருது, ரெண்டு மிச்சம். வெண்பாவைப் பெரியவர் ரெண்டு தரம் சத்தமா வாசிச்சு, நல்லாயிருக்கு எண்டிட்டார். மற்றப் பக்கத்தைக் காட்டினது. கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, தும்மலை "அச்சூ" எண்டு எழுதுறதோ "ஹச்" எண்டு எழுதுறதோ எண்டு கேட்டார். போனவர் தும்மிறது "ஹச்" மாதிரித்தான் கேக்குமாம், தனக்கு ஐம்பது வருசமாத் தெரியுமாம்.

அச்சுக்கூடத்தான்:
"ஹச்" எண்டால் பாமினிக்கு மாத்தின பிறகு அந்த ஹவை ஒருக்காப் பாருங்கோ.