புதுப்பிப்பு: வயநாட்டுப் பயணமும் மணியின் காலும்

2024 ஜூலை 30 நிலச்சரிவில் வீடிழந்த சூரல்மலைக் குடும்பங்களுக்குத் தையல் இயந்திரங்கள் வாங்கிச் செல்ல எங்கள் சபை வாலிபர்களுக்காக உதவி கோரியும், அதற்கிடையே எங்கள் நாய் மணி வாகனத்தில் அடிபட்டதைச் சொல்லியும் முன்பு எழுதியிருந்தேன்.

வேண்டிய 60,000 ரூபாயில் 52,500 சேர்ந்துவிட்டது. அதிலிருந்து மணியின் சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, அது எங்கள் வீட்டுச் செலவு. பின்னங்கால் எலும்பு முறிந்ததால் தகடு பொருத்தியிருக்கிறார்கள். ஆறு வாரம் ஓடவோ படியேறவோ விடக்கூடாதாம். வலிக்கு நாம் சாப்பிடும் ஐபுபுரூஃபென் மாத்திரையைக் கொடுக்கலாமே என்று அன்போடு யோசனை சொன்ன சகோதரர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது நாய்களுக்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும் என்று மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்.

நான் மணியோடு வீட்டில் தங்குகிறேன்; என் இடத்தில் தம்பி போகிறான்.