எட்டு மாதம் மாத்திரை தின்றும் ஏறாத ரத்தம்

கம்பம்மெட்டு ஜீப்:
எனக்கு ஊர் கம்பம். தினமும் ஜீப்பில் மேட்டைத் தாண்டிப் போய் கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். அங்கே ரத்ததான முகாம் போட்டார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் எடுப்போம், உனக்கு 10.8 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் என்ன, இரும்புச்சத்து மாத்திரைதான். முருங்கைக்கீரை, பேரீச்சை, ஆட்டு ஈரல் என்று அம்மா ஒன்றையும் விடவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் 10.7. மலச்சிக்கல்தான் மிச்சம்.

குமுளியில் லேபில் இருந்த சேச்சிதான் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபினுக்குக் கீழே உள்ள வரிகளில் விரல் வைத்தார். "மோளே, சத்துக் குறைவுன்னா பெரும்பாலும் சிவப்பணுவும் குறையும். உனக்கு 56 லட்சம் இருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் பொடிசு." அணுவின் அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80க்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 62. அந்த 62ஐ 5.6ஆல் (56 லட்சம் என்றால் 5.6 மில்லியன்) வகுத்தார், 11 வந்தது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கூறு (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறின் மரபணு ஒரு பங்கு மட்டும்) இருக்கலாம், சந்தேகம்தான், டாக்டரைப் பார் என்றார். டாக்டர் எழுதிய பரிசோதனையில் ஃபெரிட்டின் சரியாகவே இருந்தது, அதாவது இரும்புச் சேமிப்பில் குறையில்லை. ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஹெச்பி ஏ2 மட்டும் 5.1 சதவீதம், 3.5க்குள் இருக்க வேண்டியது. பிறவியிலேயே வந்த கூறு, நோயில்லை என்று சொல்லி மாத்திரையை நிறுத்தினார்.

சிக்கல் அங்கே இல்லை. எனக்குப் பேசி முடித்திருந்தது தாய்மாமன் மகனை. இருவருக்கும் இந்தக் கூறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமாவிடம் சொன்னேன். "எங்க ரத்தத்திலயா குறை?" என்று ஒரு வாரம் பேசவில்லை. மச்சான் யாருக்கும் தெரியாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு இல்லை.

வாளையார் லாரி:
எங்க அப்பா கதை நேர் எதிர் தங்கச்சி. ஹீமோகுளோபின் 8.4, சிவப்பணு 38 லட்சம், எம்.சி.வி. 68. வகுத்தால் 18 பக்கம் வரும். ஃபெரிட்டின் வெறும் 6. ஆம்பளைக்கு எப்படி இரும்பு இவ்வளவு குறையும், எங்கேயோ ரத்தம் போகிறது என்றார் டாக்டர். முதுகுவலிக்கு வருஷக்கணக்காக வாங்கிப் போட்ட வலி மாத்திரையால் வயிற்றில் புண். மலம் கறுப்பாகப் போனதை அவர் சொல்லவே இல்லை. கொடுத்த இரும்பு மாத்திரையையும் டீயோடு விழுங்கியிருக்கிறார்! டீ இரும்பைச் சேரவிடாதாம்.

நீலகிரி கூடலூர்:
எங்கள் வயநாட்டு எல்லையில், பழங்குடி ஊர்களில் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்) அதிகம். அதனால் இங்கே வெறும் ஹீமோகுளோபின் எண்ணோடு விடுவதில்லை, அதையும் சோதித்துவிடுகிறார்கள்.

கம்பம்மெட்டு ஜீப்:
வாளையார் அண்ணா, அப்பாவுக்கு இப்போது எவ்வளவு?

வாளையார் லாரி:
13.2. லாரியும் ஓட்டுகிறார். வழியில் மெடிக்கல் ஷாப் பக்கம் மட்டும் இறங்கவிடுவதில்லை.