கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வீடு: போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்:

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தோம். ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சாரங்கபாணி கோயிலில் சேவித்துவிட்டு வெளியே வந்ததும், "இதே சன்னதித் தெருவில்தானேம்மா ராமானுஜன் வீடு?" என்றாள் மகள். தேடிக்கொண்டே போய், ஒரு தடவை தாண்டியும் போய்விட்டோம். அவ்வளவு சின்ன ஓட்டு வீடு.

திண்ணை தாண்டி உள்ளே போனால் ஒரு சிறிய படுக்கையறை. பழைய கட்டில். தெருவைப் பார்த்த ஜன்னல். நான் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கோயிலுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் கண் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறது.

அவர் பிறந்தது 1887இல், ஈரோட்டில், பாட்டி வீட்டில். வளர்ந்தது இங்கே. அப்பா புடவைக் கடையில் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வரும்படி போதாமல், கல்லூரியில் படிக்கும் பையன்கள் இரண்டு பேரையும் வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். அந்த இருவருக்கும் தெரிந்த கணக்கை எல்லாம் பதினோரு வயதில் ராமானுஜன் கற்று முடித்துவிட்டார். இது முன்பே படித்ததுதான். ஆனால் அந்த அறையில் நின்றபோதுதான், இத்தனை பேர் இரவில் எங்கே படுத்திருப்பார்கள் என்று தோன்றியது. அந்த வீட்டை நடத்திய அம்மாவை நினைத்துக்கொண்டே கொல்லைக் கிணறு வரை போய்விட்டு வந்தேன்.

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்:

மகளிடம் என் ஆசியைச் சொல்லுங்கள் அம்மா. நான் மாணவர்களை நாலைந்து முறை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். முதலில் திண்ணையில் உட்கார வைத்துவிடுவேன். ராமானுஜன் சிலேட்டு வைத்துக் கணக்குப் போட்ட இடம் அது. காகிதம் வாங்கக் காசு கிடையாது. பலப்பத்தால் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார். விடை வந்தால் அதை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் தேற்றங்கள் இருக்கும், பெரும்பாலும் நிரூபணம் இருக்காது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் உடனே புரிந்துவிடும். வகுப்பில் எத்தனை தடவை சொன்னாலும் அது வராது.

ஒருமுறை ஒரு பையன் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் திண்ணையில் விரலால் ஏதோ எழுதி, முழங்கையால் அழித்தான். நான் எதுவும் கேட்கவில்லை.

தஞ்சைப் பக்கத்து உறுப்பினர்:

அந்த வீடு தப்பியது பெரிய விஷயம். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பழுது பார்த்தது. 2003 டிசம்பரில் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது வந்து திறந்து வைத்தார். பெரிதாகக் கட்டிப் பளிங்கு போடாமல், இருந்தபடியே விட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே கும்பிடலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தாத்தா வீடும் இதே மாதிரித் திண்ணை வைத்த ஓட்டு வீடு. பங்கு பிரிக்கும்போது யாருக்கும் வேண்டாம் என்று இடித்துவிட்டோம். நானும் கையெழுத்துப் போட்டேன். நிலைக்கதவை மட்டும் எடுத்து வந்தேன். அதில் பாட்டி பால் கணக்குக்காகக் கரியால் போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. ராமானுஜன் வீட்டுக்குப் போனபோது என் கை தானாக அந்த நிலையைத் தடவிப் பார்த்தது.

திரியைத் தொடங்கியவர்:

அந்தக் கதவை வெயில் படாமல் வையுங்கள் அண்ணா. கோடுகளை ஒரு படமும் எடுத்து வைத்துவிடுங்கள். ஐயா, அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், திண்ணையில் அவளுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.